செல்மாக்கா குடுத்த கறுப்புச் சட்டி

மூடியத் தொறந்துறாத கண்ணு, முன்னாலயே சொல்லிப்போடறேன், உள்ளார இருக்கறது கறி. வெள்ளாட்டுக்கறி. உங்கிட்ட மறைச்சுக் குடுத்துட்டுப் போனா அந்தப் பாவம் எனக்கெதுக்கு? நீ ஐயரூட்டுப் புள்ள, பிஸ்கட்டு வாங்குனாலும் கவருக்குப் பின்னால இருக்கறத எழுத்தெழுத்தாப் படிச்சுப்போட்டுத்தான் கூடையில போடுவே, நான் பாக்கலியா? அதுக்குத்தான் ஹாட் பிளேட்டையும் கையோட கொண்டாந்துட்டேன். உன்ற அடுப்பத் தொடவே வேண்டாம். அந்தப் பால்கனிக் கதவோரமா, ஷூ ரேக்குக்கு அக்கட்டால வெச்சரலாம். எத்தன நாளைக்கா? சொல்றேன் இரு. மொதல்ல இத எறக்கி வெக்கோணும், கை உட்டுப்போச்சு. லிஃப்ட்டு இன்னைக்கும் ரிப்பேரு, மூணு மாடி தூக்கிட்டு ஏறி வந்திருக்கறேன்.

அந்தப் பை அங்கயே கெடக்கட்டும் அனந்தி, அத நான் பொறவு பிரிச்சுக் காட்டறேன். நீ உக்காரு.

வேல ஒண்ணும் பெரிசில்ல. காத்தால ஒரு கொதி, பொழுதோட ஒரு கொதி. நல்லாக் குமுறிக் கொதிக்கோணும், பத்து நிமிசம். அப்பறம் அணச்சுப்போட்டு ஆறற வரைக்கும் மூடி போடக்கூடாது. சூட்டோட மூடுனா வேர்த்துத் தண்ணி சொட்டும், சொட்டுனாப் புளிச்சுப்போகும். கெளறோணும்னா மரக்கரண்டிதான், அதுவும் ஈரமில்லாம. வாயில வெச்ச கரண்டி, சோத்துல பட்ட கரண்டி எதும் உள்ள போகக்கூடாது. ஒரு பருக்க விழுந்தாலும் போச்சு. எச்சலு பத்தெல்லாம் உனக்கு நான் சொல்லித் தரோணுமா? உங்கூட்டுல ஊறுகா ஜாடிக்குப் பாக்கற மடி ஆசாரத்த இந்தச் சட்டிக்குப் பாத்தீன்னாப் போதும். அதனாலதான் உன்னய நம்பறேன். கறி திங்கறவகிட்டக் குடுத்தா ஒரு துண்டு எடுத்துப் பாப்பமேன்னு கரண்டிய உடுவா. உனக்கு அந்த ஆச வராதல்ல?

பிரிட்ஜுல வெச்சா ஆகாதாங்கறயா? வெக்கலாம். வெச்சா அது வெறுங் கொழம்பு. இது பிரிட்ஜுக்குள்ளயே போகாத சட்டி கண்ணு, பதிமூணு வருசமா அடுப்பு மேலயே இருக்குது. ஆமா, பதிமூணு வருசம், நீ நல்லாத்தான் கேட்டே. தின்னத் தின்னக் கறியப் புதுசாப் போடறது, அடிச்சாறு மட்டும் பழசு. நம்மூருல சுண்டக்கொழம்பு மூணு நாளு வெச்சுத் திங்கறதில்லயா, அதுக்குப் பெரியாத்தா இது. மூஞ்சியச் சுழிக்காத. ஒரு நாளும் யாருக்கும் வயித்த வலிச்சதில்ல.

வாசம் கருப்பட்டிப் பாகாட்ட இருக்குதல்ல? பட்ட, கிராம்பு, ஆரஞ்சுத் தோலு, அதுக்கு மேல இது ஒண்ணு. இரு, புட்டிய நானே எடுக்கறேன், நீ பைக்குள்ள கைய உடாத. இதா. கேசரீப்புன்னு பேரு. நம்ம குச்சிக்கெழங்கு இருக்குதல்ல, மரவள்ளி, அதுல கசப்புக் கெழங்குன்னு ஒரு வகை. துருவிப் புழிஞ்சு அந்தச் சாறக் காச்சிக் காச்சிக் கறுப்பா எறக்கறது. மொதமொதல்ல சொன்னப்ப நான் கிண்ணத்தத் தள்ளி வெச்சுட்டேன். நான் கோபிப்பக்கம். குச்சிக்கெழங்குத் தழையத் தின்னுபோட்டு ஆடு வாயில நொர தள்ளிச் சாகறத இந்தக் கண்ணால பாத்திருக்கறேன். வெசத்தத் திங்கச் சொல்றீங்களான்னு கேட்டுப்போட்டேன். பச்சையா இருந்தாத்தான் வெசம், காச்சிப்போட்டா அதே சாறுதான் கறியக் கெடாமக் காப்பாத்தறதுன்னு சொல்லிச் சிரிச்சாங்க.

யாரா? செல்மாக்கா. நீ இந்த பில்டிங்குக்கு வரதுக்கு முன்னாலயே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. செல்மா மூன்சாமி. முனுசாமிதான் கடல் தாண்டிப் போயி மூன்சாமி ஆயிருக்குது. பாட்டனுக்குப் பாட்டன் மெட்ராஸ்ல கப்பலேறிக் கரும்பு வெட்டப் போனவராமா. அம்மா கயானாக்காரி, கட்டிக் குடுத்தது ட்ரினிடாட் தீவுல, அங்கிருந்து இந்த ஜெர்சி சிட்டிக்கு. தமிழ்ல ஒரு வார்த்த வராது. ஆனா ஹால்ல மாரியாத்தா படம் மாட்டி எலுமிச்சம்பழ மால போட்டிருப்பாங்க. அதப் பாத்தப்பறம் எனக்கு வேற என்ன வேணும்?

நான் வந்தது தொண்ணித்தி ஒண்ணு நவம்பர்ல. வந்த மூணாம் மாசம் பாப்பா வயித்துல. எங்கூட்டுக்காரரு, நஞ்சப்பன், நீதான் பாத்திருக்கறயே, காத்தால ஆறரைக்கு ஆபீஸுக்குப் போற பாத் ட்ரெயினப் புடிச்சாருன்னா எட்டு மணிக்குத்தான் ஊடு. எனக்கு வேலைக்குப் போற விசாவும் இல்ல, பேச பாஷையும் இல்ல. பேஸ்மென்ட்டுல துணி தொவைக்கப் போயி வாந்தி எடுத்துட்டு உக்காந்திருந்தவள அவுங்கதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, மாங்காய நறுக்கி, உப்பும் மொளகாயும் பூண்டும் போட்டுப் பெசஞ்சு குடுத்தாங்க. அன்னைக்கி உள்ள போனவதான். என்ற சமையக்கட்டு அதுக்கப்பறம் அவுங்க ஊட்டுலதான்.

எல்லாம் அங்க கத்துக்கிட்டதுதான் கண்ணு. பேலாவ்னு ஒண்ணு. மொதல்ல எண்ணெயில சக்கரையப் போட்டுக் கருக உடுவாங்க. ஐயோ தீயுதுங்க்கா, தீயுதுங்க்கான்னு நான் கத்தறேன், அவுங்க அசையாமப் பொட்டாட்டம் நிக்கறாங்க. நல்லாக் கறுத்து நொர கட்டுனப்பறம் கோழியப் போட்டுப் பொரட்டி, அதுமேல அரிசியும் பயறும். இப்ப எடுத்தா வெல்லம், ஒரு மூச்சு உட்டு எடுத்தாக் கரி, அந்த எடையில ஒரு நொடி இருக்குது, அதப் புடிக்கறதுதான் வித்தை. சேம்பெலையத் தேங்காப்பால்ல வேக வெச்சுக் கடையறது ஒண்ணு. நம்ம தட்டப்பயறுந் தேங்காப்பாலும் போட்டு ஒரு சோறு, கறியில்லாமயும் பண்ணலாம், உனக்கொருக்கா பண்ணித் தரேன். பழ மொளகாய முழுசாச் சோத்து மேல வெச்சு மூடோணும். வாசம் எறங்கும், காரம் எறங்காது. ஒடஞ்சு மட்டும் போகக்கூடாது. ஒடஞ்சா ஊடே வெளிய ஓடோணும்.

எங்கூட்டுக்காரரா? நல்லாத் தின்பாரு. தின்னுதான் அந்தத் தொப்ப. கோழி குருடா இருந்தா என்ன, கொழம்பு ருசியா இருந்தாச் செரின்னு வழிச்சு வழிச்சுத் தின்னவரு. வாரத்துல நாலு நாளு இந்தச் சட்டியில இருந்துதான் தோசைக்கே ஊத்திக்குவாரு. ஆனா ஒறம்பரை சிநேகிதம்னு யாராச்சும் வந்தா, என்னங்க அது கறுப்பான்னு கேட்டா, பக்கத்தூட்டுக்காரங்க வெச்சுட்டுப் போனதும்பாரு. என்ற மொகத்தப் பாக்காமயே சொல்லுவாரு. திங்கும்போது நம்முது, நாலு பேரு முன்னால பக்கத்தூட்டுது. ரெண்டு வருசமா அதக் கேட்டுட்டுச் சிரிச்சுட்டிருந்திருக்கறேன் பாரு, என்னயச் சொல்லோணும்.

செல்மாக்கா தொண்ணித்தாறுல ஃப்ளோரிடாவுக்கு மககிட்டப் போயிட்டாங்க. போறதுக்கு ஒரு வாரத்துக்கு முன்னாலதான் எங்கிட்டச் சொன்னாங்க. எல்லாம் பேக் பண்ணி முடிச்சுப்போட்டுச் சொன்னாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு நாளு அவுங்க ஊட்டுக்குப் போகவே இல்ல. இப்படி நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டாங்களேன்னு அழுதேன். அன்னைக்கி அதப் போயிப் பெரிய துரோகம்னு நெனச்சேன் கண்ணு. மூணாம் நாளு அவுங்களே வந்தாங்க, இந்தச் சட்டியோட. பாதி அவுங்களுக்கு, பாதி எனக்கு. அவுங்க எண்பத்தஞ்சுல இந்தூருக்கு வரும்போது அவுங்கம்மா சட்டியில இருந்து கொண்டாந்த சாறு இது. ஒரு நாளுங்கூட மறந்தராதே சாந்தா, மறந்தா முடிஞ்சுதுன்னாங்க. மறந்ததில்ல. பாப்பாவுக்கு அம்ம வாத்தப்பக்கூட மறந்ததில்ல.

ஹாட் பிளேட்டு சூடேறுதா பாரு. ஏறட்டும், ஏறட்டும். ஒரு கொதி இப்பவே உட்டுக் காட்டிட்டுப் போறேன்.

அதையேன் கேக்கற, போன மாசம் நடந்த கூத்து. இவருக்குப் புதுசா லீடு போஸ்ட்டு குடுத்திருக்காங்கல்ல, அந்த ரெண்டாயிரத்துல கம்ப்யூட்டரெல்லாம் நின்னுபோகும்னு சொல்றாங்களே, அந்த வேலைக்கு. மேனேஜரையும் அவரு சம்சாரத்தையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாரு. சாம்பாரு, கூட்டு, பாயசம்னு பண்ணச் சொன்னாரு, பண்ணுனேன். சட்டியத் தூக்கிக் கோட்டுத் தொங்க உடற அலமாரிக்குள்ள வெச்சுட்டாரு. வந்தவங்க கோட்டு எங்க போகும்? அந்தப் பொம்பள கதவத் தொறந்தா, கமகமன்னு இது. பாப்பா ஓடியாந்து, தட்ஸ் மம்மீஸ் ப்ளாக் பாட்டுன்னா. இவரு, நோ நோ, நெய்பர்ஸ்னாரு. எனக்கு அன்னைக்கின்னு என்னமோ பொறுக்குல. எங்க சட்டிதான், நான்தான் ஆக்கறதுன்னு இங்கிலீஷ்ல சொல்லிப்போட்டேன். சொன்னதோட இல்லாம ஆளுக்கொரு கிண்ணம் ஊத்தியும் குடுத்துட்டேன். அந்த மேனேஜரு ரெண்டு கிண்ணம் வாங்கித் தின்னுபோட்டு, நீங்க தீவுக்காரங்களா, உங்க பேச்சும் அப்படித்தான் இருக்குதுன்னாரு.

உனக்குச் சிரிப்பு வருதல்ல? எனக்கும் அன்னைக்கி வந்துச்சு. நான் எங்க போயி இங்கிலீஷு படிச்சேன், செல்மாக்கா வாயில இருந்து வந்ததுதான் எனக்கு வந்துச்சு. அவுங்க இழுக்கற எடத்துல இழுக்கறேன், முழுங்கற எடத்துல முழுங்கறேன். கடையில, ஸ்கூல்ல எல்லாருக்கும் புரியுது. அது வேற மாதிரி இங்கிலீஷுன்னு எனக்குத் தெரியவே தெரியாது கண்ணு. மேனேஜரு சந்தோசமாத்தான் கேட்டாரு. இவரு மூஞ்சி செத்துப்போச்சு.

திட்டுவாருன்னு காத்திருந்தேன். ஒரு வார்த்த திட்டுல. மறுநாளுல இருந்து தேனா ஒழுகுது. சாந்தாமணி, நீ ஊருக்குப் போயி அஞ்சு வருசமாச்சு, உங்கம்மா தேடுவாங்கங்கறாரு. பாவம் வயசாவுதுங்கறாரு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை எனக்கு அப்ப நெனப்பு வருல. நெஞ்செல்லாங் குளுந்துபோச்சு. எங்கம்மாவப் பாக்கப் போறோம்னு கலைண்டர்ல ஒவ்வொரு நாளா அடிச்சுட்டு வந்தேன். நேவார்க் அவென்யூவுல எனக்கு ரெண்டு பெரிய பொட்டி வாங்கியாந்தாரு. பட்டுச் சேலையெல்லாம் எடுத்துக்க, நகையெல்லாம் எடுத்துக்க, எதையும் உட்டுப்போடாதன்னாரு. பாப்பாவுக்கு? பாப்பாவுக்கு அவ ஸ்கூல் பையில நாலு கவுனு போதுமாமா.

கெளம்பறது நாளன்னைக்கு. வியாழக்கெழம சாயந்தரம் ஃப்ளைட்டு. உங்கூட்டுக்காரரு சிகாகோவுல இருந்து வெள்ளிக்கெழம ராத்திரிதான வருவாரு? அவரு வந்தா என்ன பண்றதுன்னுதான யோசிக்கற? சனி ஞாயிறு மட்டும் சட்டிய ஹாட் பிளேட்டோட தூக்கிப் பால்கனியில வெச்சு அங்கயே கொதி உட்டுரு. இந்த டிசம்பர்க் குளுருக்கு ஒண்ணும் ஆவாது.

நாகலக்ஷ்மிகிட்டக் குடுத்திருக்கலாமேன்னு உன்ற மனசுல ஓடுது, தெரியுது எனக்கு. ரெண்டாவது மாடி, கறி திங்கற ஊடு, எனக்கும் ஒரு மாடி மிச்சம். குடுக்கலாம். ஆனா அவ ஊட்டுக்காரரும் எங்கூட்டுக்காரரும் ஒரே ஆபீஸு, ஒண்ணா ட்ரெயின் ஏறறவங்க. இங்க சொன்னா அங்க கேக்கும். உங்கூட்டுல ஆட்டுக்கறிச் சட்டி இருக்குதுன்னு அந்த மாரியாத்தாளே எறங்கி வந்து சொன்னாலும் எங்கூட்டுக்காரரு நம்பமாட்டாரு. உங்கூட்டுக் கதவ மட்டும் தட்டவே மாட்டாரு.

எதுக்குத் தட்டோணுமா?

கொதி வந்துருச்சு பாரு. இப்படித்தான், நடுவுல இருந்து குமுறி வரோணும். ஓரத்துல மட்டும் கொப்புளிச்சா அது கொதியில்ல. மணியப் பாத்துக்க.

எத்தன நாளைக்குன்னு வந்ததுல இருந்து மூணு வாட்டி கேட்டுட்டே. நானும் அதேதான் அவருகிட்டக் கேட்டேன். திரும்பி என்னைக்கிங்க வரோம், சட்டிய யாருகிட்டயாச்சும் சொல்லி உட்டுட்டுப் போகோணும், தேதி சொல்லுங்கன்னேன். அதுக்கு அவரு, இனி யாரு அதப் பாக்கப்போறா, கழுவிக் கமுத்தி வெச்சிருன்னாரு. மூணு வார லீவுக்குப் பதிமூணு வருசச் சட்டிய எதுக்குக் கழுவறது? செரி, ஆம்பளைக்கு என்ன தெரியும்னு நெனச்சுட்டு, அவரு ஆபீஸு போனப்பறம் ட்ராயரத் தொறந்து நானே டிக்கெட்ட எடுத்துப் பாத்தேன். சத்தியமா நாளு எண்ணத்தான் பாத்தேன் கண்ணு. உனக்குச் சரியாச் சொல்லோணுமேன்னு. அவருக்கு ஜனவரி பத்தாந்தேதி ரிட்டர்ன். பாப்பாவுக்கும் ஜனவரி பத்து. எனக்குப் போறதுக்கு மட்டும் ஒரு தாளு இருக்குது.

உக்காரு, எந்திரிக்காத. நானும் அப்படித்தான் நெனச்சேன், ட்ராவல்ஸ்ல தப்பாப் போட்டுட்டாங்கன்னு. ஃபோன் பண்ணிக் கேட்டேன். அந்தப் பொண்ணு நல்லவதான், தேடிப் பாத்துட்டு, இல்ல மேடம், சார் உங்களுக்கு ஒன்வேதான் சொன்னாருன்னா.

அப்பறம் காலிங் கார்டு போட்டு எங்கண்ணனுக்குப் பேசுனேன். அண்ணா, எனக்கு ரிட்டர்ன் டிக்கெட்டு போடலியேன்னேன். என்ன ஏதுன்னு பதறோணுமல்ல கூடப் பொறந்தவன்? பதறுல. மாப்ள எல்லாம் சொன்னாரு சாந்தா, உனக்கு அந்தூரு ஒத்து வரலியாமா, ரெண்டு வருசம் அம்மாகூட இரு, புள்ள அங்கயே படிக்கட்டும், எல்லாம் நல்லதுக்குத்தான்னான். அவனுக்குத் தெரியும். எங்கம்மாவுக்கும் தெரியுமாங்கறத நான் கேக்குல. கேக்கத் தெம்பில்ல. புடிக்கலேன்னா என்ற மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாமல்ல கண்ணு? இந்தூரு எனக்கு ஒத்து வரலியாமா. ஏழு வருசமா ஆக்கிப் போட்டதெல்லாம் ஒத்து வந்துச்சு.

அழுகுல. இது பொகை.

பத்து நிமிசம் ஆச்சு, அணச்சிரு. மூடி வேண்டாம், ஆறட்டும்.

இப்ப அந்தப் பையப் பிரி. மரக்கரண்டி இருக்குதா, அதுக்குக் கீழ துணி, துணிக்குக் கீழ ஒரு ப்ரவுன் கவரு. அதுல ரெண்டு பாஸ்போர்ட்டு இருக்குது. என்றது ஒண்ணு, பாப்பாது ஒண்ணு. அத உன்ற பூஜை அலமாரியில சாமி படத்துக்குப் பின்னால வெச்சிரு, யாரு வந்து கேட்டாலும் உனக்கு ஒண்ணுந் தெரியாது. செல்மாக்காகிட்ட நேத்தே பேசிட்டேன், அவுங்க மகளுக்குத் தெரிஞ்ச வக்கீலு ஒருத்தி நேவார்க்குல இருக்கறாளாமா, வெள்ளிக்கெழம காத்தால வரச் சொல்லியிருக்கறா. அது வரைக்கும் நான் பொட்டி அடுக்கிட்டுத்தான் இருப்பேன், பட்டுச் சேலையெல்லாம் மடிச்சு வெச்சுட்டுத்தான் இருப்பேன். டாக்ஸி வந்து நிக்கும்போது தேடுவாரு. தேடட்டும். அவருது அந்த ட்ராயர்லயே இருக்குது, நான் தொடுல. தாராளமாப் போயிட்டு வரட்டும், அவருக்குத்தான் ரிட்டர்ன் இருக்குதல்ல?

நான் வரேன் கண்ணு, பாப்பாவுக்கு ஸ்கூல் பஸ்ஸு வர நேரமாச்சு. எத்தன நாளைக்குன்னு எனக்கே தெரியில. காத்தால ஒரு கொதி, பொழுதோட ஒரு கொதி, மறந்தராத.